கண்முன் மறைந்தவை

அறந்தாங்கியிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஆவுடையார்கோவில். திருப்பெருந்துறை என்பது அதன் பழம்பெயர். அங்கே கருவறைமுன் நிற்பவன் கண்களைக் கூர்மையாக்கிக்கொண்டு உள்ளே நோக்குகிறான். எதைக் காண?

ஆவுடையார் இருக்கிறது, அதன்மேல் எழுந்து நிற்கவேண்டிய இலிங்கம் இல்லை. எதிரே நந்தி இல்லை. கொடிமரம் இல்லை. அம்மனுக்கும் உருவம் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்து, ஆவி பறக்கப் பறக்கக் கொணர்ந்து, கருவறைக்கு எதிரேயுள்ள கல்மேடையில் குவிக்கின்றனர். சோறு கண்ணுக்குத் தெரிகிறது. அதிலிருந்து எழும் ஆவிதான் படையல் என்கின்றனர். பக்கத்தில் நிற்கும் பெரியவர், "ஐயா! இறைவன் இங்கே அருவமாக வெளிப்படுகிறான்" என்று விளக்கம் தருகிறார்.

அருவம் வெளிப்படுகிறது! தெரியாத ஒன்று தெரியாமலே இருந்து தெரிகிறது! இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. நெஞ்சுருகி நிற்போரும் உண்டு. நகைக்கவும் அன்று, உருகவும் அன்று, நான் இதை எடுத்துரைப்பது. பெரியவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல் என்னைப் பற்றிக்கொண்டது. வெளிப்படுதல், வெளிப்படுத்துதல் என்று நாள்தோறும் கூறுகிறோமே, அதன் பொருள் என்ன? எதை வெளிப்படுத்துவது அறம்? எதை வெளிப்படுத்துவது கொடுமை? சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் இக்கேள்வி, உண்மையில் வாழ்க்கை பற்றிய கேள்வி.

* * *

வெளி என்பது அழகிய தமிழ்ச் சொல். சுவருக்கு அப்பால் இருப்பது வெளி. கூரையற்ற இடம் வெளி. மெய்யியல் பேசுவோர்க்கு ஐம்பெரும் பூதங்களுள் ஒன்று வெளி. இலக்கணம் கற்றோர், குறிப்பாகப் பொருள் தரும் சொல்லையும், நேரே பொருள் தரும் சொல்லையும் பிரித்துப் பின்னதற்கு 'வெளிப்படை' என்று பெயரிட்டனர். வெளியில் நிற்பதை எவனும் காணலாம். காண்பதற்கு யாரிடமும் சீட்டுப் பெறவேண்டியதில்லை. சொல்லின் உயிர்நாடி இதுதான்.

வெளிப்படு என்பது தன்வினை. வெளிப்படுத்து என்பது பிறவினை. முகில் விலகியதும் நிலவு வெளிப்படுகிறது. அதற்கு ஆள் வேண்டியதில்லை. ஆனால் பொய்க் கணக்கு தானாக வெளிப்படுமோ? பூட்டிய அலமாரிக்குள் அது பல்லாண்டு உறங்கும். ஒருவன் அஞ்சாது சென்று வெளிப்படுத்தியாக வேண்டும். "உண்மை ஒருநாள் வெளிப்படும்" என்று கூறிக் கைகட்டி நிற்போர் பிறவினைக்குரிய பொறுப்பைத் தன்வினையின்மேல் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றனர். நிலவு வெளிப்படும், நீதி வெளிப்படுத்தப்படவேண்டும்.

இச்சொல்லின் சுற்றத்தாரையும் பாருங்கள். சாம்பலும் புளியும் இட்டுத் தாய் பாத்திரத்தை விளக்குகிறாள். ஆசிரியர் பாடத்தை விளக்குகிறார். நடுவீட்டில் எரிவதும் விளக்கு. பாத்திரத்தை விளக்கும்போது புதிதாக ஒன்றும் அதில் சேர்வதில்லை. ஏறிய கரி நீங்குகிறது, அவ்வளவே. துலக்குவதும் அதே வேலைதான். குற்றத்தின் அடிச்சுவட்டைத் தேடிச் செல்வதைத் துப்புத் துலக்குதல் என்கிறோம். நூலை அச்சிட்டு மக்கள் கையில் தருவது வெளியிடுதல். அம்பலம் என்பது ஊரார் கூடும் பொதுமன்று. மறைவில் நடந்ததை அந்த மன்றின் நடுவே கொண்டுவந்து வைப்பது அம்பலப்படுத்துதல்.

இவர்களோடு தீய உறவினன் ஒருவனும் இருக்கிறான். காட்டு என்பது நல்ல சொல்; வழி காட்டு, அன்பு காட்டு என்கிறோம். அதன் பின்னே 'கொடு' என்ற சிறு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். காட்டிக்கொடு! இரண்டகனின் தொழில் அது. செயல் ஒன்றுதான்: மறைந்திருந்தவனைச் சுட்டுவது. ஆயினும் ஒன்று அறம், மற்றொன்று இழிவு. எனவே வெளிப்படுத்துதல் என்ற செயல் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. யார் வெளிப்படுத்துகிறார், எதை, யாருடைய நன்மைக்காக என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே தீர்ப்புக் கூற இயலும்.

* * *

முதலில், திருப்பெருந்துறையின் கதையையே அந்தக் கேள்விகளின் முன் நிறுத்துவோம்.

பாண்டியனின் அமைச்சர் வாதவூரர். குதிரை வாங்கக் கருவூலப் பொன்னோடு அனுப்பப்பட்டார். வழியில், இவ்வூரில், குருந்த மரத்தடியில் ஒரு குருவைக் கண்டார். உண்மை அவருக்கு வெளிப்பட்டதாம். குதிரைக்கென வந்த பொன் கோவிலாயிற்றாம். மன்னன் சினந்தபோது நரிகள் பரிகளாகி மதுரைக்குள் நுழைந்தனவாம். இரவு வந்ததும் பரிகள் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டனவாம். இது புராணம், வரலாறு என்று கொள்வார் கொள்ளட்டும்.

மாணிக்கவாசகரின் தமிழ் கல்லையும் கரைக்கும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் மரத்தடியில் ஒருவருக்கு வெளிப்பட்டது மற்றவர்க்கு வெளிப்படவில்லை. அவர் சொல்ல நாம் கேட்கிறோம். நம்பலாம், நம்பாதிருக்கலாம், சோதித்துப் பார்க்க மட்டும் வழியில்லை. சுவருக்குள் ஒருவர் கண்டதை, சுவர் அப்படியே நிற்க, வெளிப்பட்டதாகக் கொள்வது எங்ஙனம்? அது அவருடைய அனுபவம். அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. பிறர் தலைமேல் சட்டமாக ஏறும் உரிமை மட்டும் அதற்கு இல்லை.

இன்னொன்றையும் நோக்குங்கள். அக்கதையில் மன்னன் பேசுகிறான், அமைச்சர் பேசுகிறார், ஆண்டவனும் பேசுகிறான். கருவூலத்தில் கிடந்த பொன் யார் தந்தது? வரி கொடுத்த உழவன் தந்தது. அவன் மட்டும் கதை நெடுகிலும் வாய் திறக்கவில்லை. "என் பணம் என்னவாயிற்று?" என்று அவன் கேட்டதாக எவரும் எழுதவில்லை. கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதே அவனுக்கு வெளிப்படாத காலம் அது.

அந்த உரிமை பிறக்க எத்துணைக் காலம் ஆயிற்று! தகவல் பெறும் உரிமைக்கெனத் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது 1997இல். நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005இல். 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, சாலைக்கு எவ்வளவு செலவாயிற்று, குளம் தூர்வாரிய கணக்கு எங்கே என்று ஓர் எளிய மனிதன் எழுதிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை வரவேண்டும். வராமற்போகும் நாட்கள் உண்டு. அலையவைக்கும் அலுவலர் உண்டு. எனினும் குருந்த மரத்தடியில் ஒருவருக்குக் கிட்டியதாகக் கூறும் வெளிச்சத்தினும், எவர்க்கும் கிட்டும் என்று சட்டம் கூறும் இந்த மங்கிய வெளிச்சம் மேலானது. ஏனெனில் இதைச் சோதிக்கலாம். பொய்யானால் பொய் என்று கூறலாம்.

நூல்களின் கதையும் இதுவே. பழந்தமிழ்ச் செல்வம் மடங்களிலும் வீடுகளிலும் ஏட்டுக்கட்டுகளாக முடங்கிக் கிடந்தது. ஆவுடையார்கோவிலின் நிருவாகத்தைக் கொண்டுள்ள திருவாவடுதுறை ஆதீனமும் ஏடுகளைப் பேணிய இடங்களுள் ஒன்று, உ. வே. சாமிநாதையர் பயின்ற இடமும் அது. பேணியவர்க்கு நன்றி கூறுவோம். ஆனால் பேணுதல் வேறு, வெளியிடுதல் வேறு. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியது 1887இல். சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் அதே ஆண்டில். புறநானூற்றை அவர் தந்தது 1894இல். அச்சு வந்த பிறகே, எந்தக் குலத்தில் பிறந்தவனும் காசு கொடுத்து வாங்கிப் படிக்க முடிந்தது; பதிப்பாசிரியரின் பாடம் தவறு என்று மறுக்கவும் முடிந்தது. மறுக்க இடந்தருவதே உண்மையான வெளியீடு.

* * *

இனி, அடுத்த கேள்விக்கு வருவோம். மறைந்தவை யாவற்றையும் வெளிப்படுத்தியே தீரவேண்டுமா?

வள்ளுவர் இதில் நுட்பமானவர். ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, மறைவில் நடப்பதை அறிவது ஆள்வோனின் கடமை என்றார். அதே வள்ளுவர் புறங்கூறாமை என்று வேறோர் அதிகாரம் வகுத்து, பிறர் குறையைப் பின்னிருந்து தூற்றுவோனைக் கடிந்தார். வாய்மை என்பதற்கும், பிறர்க்குத் தீமை பயக்காத சொல் என்றே அவர் பொருள் கண்டார். முரண்பாடா? அன்று. வலியவன் தன் வலிமையை மறைவில் எப்படிப் பயன்படுத்துகிறான் என்பது ஒன்று. எளியவன் தன் துயரை எந்த மூலையில் வைத்து அழுகிறான் என்பது வேறொன்று. முன்னதை மறைப்பது சூழ்ச்சி. பின்னதை மறைப்பது மானம்.

ஊரில் என்ன நடக்கிறது? தலைகீழாக நடக்கிறது! மணமான பெண் தாய்வீடு வந்து பத்து நாள் தங்கினால் தெருவே துப்புத் துலக்குகிறது. ஒருவனுக்கு வந்த நோயின் பெயரை அறியாவிட்டால் அண்டை வீட்டாருக்கு உறக்கம் இல்லை. கோவில் நிலத்தின் குத்தகைக் கணக்கைக் கேட்கவோ எவருக்கும் நாவெழுவதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஏழையின் வீட்டைப் பற்றியானால் அந்த வாய் திறந்தே கிடக்கிறது. பெரியவீட்டு வாசலில் தானாக மூடிக்கொள்கிறது.

ஒரு கேள்வியை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "தம்பிக்கு எந்த ஊர்?" ஊர்ப்பெயர் சொன்னால் போதாது. "எந்தத் தெரு?" அதுவும் போதாது. "குலதெய்வம் எது?" மூன்று கேள்வியில் ஒருவனுடைய சாதியைத் தோண்டி எடுத்துவிட்டு, அதன் பிறகு முகத்தை மாற்றிக்கொள்வோர் எத்தனை பேர்! 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தைக் களையுமாறு கேட்டது. பலர் களைந்தனர். "உண்மையை மறைக்கிறீர்களே, இது நேர்மையா?" என்று அப்போதே கேட்டவரும் உண்டு, இப்போதும் கேட்கின்றனர்.

விடை கூறுவோம். பட்டத்தைக் களைந்தவன் உண்மையை மறைக்கவில்லை. தன்மேல் பிறர் ஏற்றிய கரியை விளக்குகிறான். "பள்ளிச் சான்றிதழில் மட்டும் சாதியை எழுதுகிறானே" என்று மடக்குவோர் உண்டு. ஆம், எழுதுகிறான்! பறிக்கப்பட்ட கல்வியை மீட்பதற்காகத் தன் கையால் தானே எழுதுகிறான். தெருமுனையில் அவனிடமிருந்து அதைப் பிடுங்குவதோ அவனைத் தாழ்த்துவதற்காக. சான்றிதழில் இருப்பதும் தெருவில் கேட்பதும் ஒரே சொல்தான். முன்னது அவன் வெளிப்படுத்துவது. பின்னது அவனைக் காட்டிக்கொடுப்பது.

* * *

இதுவரை கூறியது மறைத்துவைக்கப்பட்டவற்றைப் பற்றி. மறைக்கப்படாமலே மறைந்து கிடப்பவை சில உண்டு. அவைதாம் கொடியவை.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி. அவர் தாயார் தேவதாசி மரபில் வந்தவர். மருத்துவம் பயின்று, சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று 1927இல் அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். அவர் கூறியதில் யாரும் அறியாத செய்தி ஏதேனும் இருந்ததா? பொட்டுக்கட்டுதல் இருட்டறையில் நடந்ததன்று. மேளதாளத்தோடு ஊரறிய நடந்தது. கண்டவர்கள் அதைக் கலை என்றனர். கடவுள் தொண்டு என்றனர். பழைய முறை என்றனர். ஒரு சிறுமியின் வாழ்வு பறிபோகிறது என்று மட்டும் காணவில்லை. அந்த மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற புதினத்தை வெளியிட்டார். காயம்பட்டவரே காயத்தைக் காட்டினார். அதனால் அது புறங்கூறலாகவில்லை. சட்டம் வந்தது 1947இல். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை எல்லோரும் காணச்செய்ய 20 ஆண்டுகள்!

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஆவுடையார்கோவில் இன்று அடங்கியுள்ள அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்குள்ள பட்டியல் சாதிக் குடியிருப்பில் குழந்தைகள் நோயுற்றனர். மருத்துவர்கள் குடிநீரின்மேல் ஐயம் கொண்டனர். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது, குடிக்கும் நீரில் மனிதக் கழிவு! எழுதவே கை கூசுகிறது. மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் அதிகாரிகளும் வந்தனர். வந்த இடத்தில் மக்கள் வேறொன்றையும் கூறினர்: அய்யனார் கோவிலுக்குள் எங்களை விடுவதில்லை. ஆட்சியர் அவர்களைக் கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை முறை இருந்ததும் அப்போதுதான் அரசின் ஏட்டில் ஏறியது.

தொட்டியில் கழிவைக் கலந்த கை எது என்பது மறைவு. அதைத் துலக்குவது காவல்துறையின் வேலை. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருப்பதாக 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றத்தில் கூறப்பட்டது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. தீர்ப்புக் கூறவேண்டியது நீதிமன்றம். ஆனால் இரட்டைக் குவளை மறைவிலா இருந்தது? கடையின் முகப்பில் இருந்தது. தேநீர் குடித்த ஒவ்வொருவரும் கண்டது. கோவில் வாசலில் யார் நின்றனர், யார் நுழைந்தனர் என்பதும் பட்டப்பகலில் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது பழமொழி. பூசணிக்காய் இலைநடுவே வெளிப்படையாகவே இருக்கிறது; உண்போர்தாம் சோறு சோறு என்று கூறிக்கொண்டிருக்கின்றனர்!

என்னையும் இதில் சேர்த்தே கூறுகிறேன். என் சிறுவயதில் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் கண்ணாடிக் குவளைகள் பலகைமேல் இருக்கும். கூரையின் ஓரத்தில், கழியில் செருகிய சிரட்டைகள் சில இருக்கும். நாள்தோறும் பார்த்தேன். வயலிலிருந்து வரும் முதியவர் ஒருவர் சிரட்டையை எடுத்துத் தாமே கழுவி, குந்தியிருந்து குடித்துவிட்டு, மீண்டும் கழுவிச் செருகிவிட்டுப் போவார். எனக்கு அவர்மேல் அன்பும் உண்டு. பார்த்தால் "என்ன தாத்தா" என்பேன். அவர் ஏன் பலகையில் அமர்வதில்லை என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. நகரத்துக்குப் படிக்கச் சென்ற பிறகு, உடன் பயின்ற நண்பன் ஒருவன், "உங்கள் ஊரில் சிரட்டை உண்டா?" என்று கேட்டான். "இல்லையே" என்றேன். பொய் கூறவில்லை, உண்மையாகவே எனக்கு நினைவு வரவில்லை. அன்றிரவு படுக்கையில்தான் அந்தக் கூரையோரம் கண்முன் வந்தது. சிரட்டையை எவரும் என்னிடமிருந்து மறைத்ததில்லை. பழக்கம் என் கண்களை மறைத்திருந்தது.

பூட்டிவைத்ததைத் திறக்கச் சாவி போதும். பழகிப்போனதைத் திறக்கக் கேட்க ஒருவர் வேண்டும். கேட்டவனை ஊர் விரும்பாது. "நம் ஊர்க் குறையை அம்பலப்படுத்துகிறானே" என்று பழிக்கும். பழிப்போரிடம் பணிவாகக் கூறுவோம்: அம்பலம் என்பது பொதுமன்று, ஊருக்குள் பாதிப்பேர் வரக்கூடாத மன்று அம்பலம் ஆகாது. அவர்களும் வந்து அமர்ந்த பின்னரே ஊரின் குறை ஊருக்குத் தெரியும்.

* * *

மீண்டும் ஆவுடையார்கோவிலுக்கு வருவோம். கருவறையை விட்டு வெளியே வந்தால் கொடுங்கை இருக்கிறது. கல்லைச் செதுக்கி மரச்சட்டம்போல், சட்டத்தில் அறைந்த ஆணிபோல் ஆக்கியிருக்கின்றனர். பழஞ்சிற்பிகள் கோவில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வர் என்பது வழிவழி வரும் செய்தி. இதுபோல் இன்னொன்று எங்களால் ஆகாது என்று கைத்திறன் மிக்கவர்களே ஒப்பிய வேலை! அண்ணாந்து பார்ப்போர், "ஆகா, மரமேதான்" என்கின்றனர். உளி பிடித்தவர் உண்டாரா, அவர் மக்கள் இக்கோவிலில் எதுவரை வர முடிந்தது என்று கேட்போர் அரியர்.

உள்ளே ஏதுமில்லாத கருவறையில் எதையோ காண ஊர்கள்தோறுமிருந்து வருகின்றனர். வரட்டும், அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. அங்கே உற்றுநோக்கிய கண்களோடு அவர்கள் வெளியே வரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஏனெனில் வெளிப்படவேண்டியவை உள்ளே இல்லை. தேநீர்க்கடைக் கூரையில், ஊர்த் தண்ணீர்த் தொட்டியில், மணமகள் தேவை என்ற விளம்பரத்தின் இரண்டாம் வரியில், சீர்திருத்தம் பேசும் நம் வீட்டு அடுக்களையில் அவை இருக்கின்றன. வெளியில்தான் இருக்கின்றன.